பேசிவ் வாய்ஸ் சூத்திரம் தெரிகிறது, மெயில் எழுதும்போது கை வரவில்லை. என்ன செய்யலாம்?

தமிழ் வழியில் படித்தவர், 'ராமா கில்டு ராவணா' என்பதை 'ராவணா வாஸ் கில்டு பை ராமா' என்று மாற்றத் தெரியும், ஆனால் ஆபீஸ் மெயிலில் எங்கே பேசிவ் போடுவதென்று புரியவில்லை என்கிறீர்கள். நானும் அதே கேஸ்தான். பரீட்சையில் அந்த ஐந்து மார்க்கை ஒருமுறைகூட விட்டதில்லை. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்த முதல் மாதமே குட்டு உடைந்தது.

சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு நான் எழுதிய வரி: 'வீ ஆர் டிஸ்பேச்டு தி சாம்பிள்ஸ்.' மேனேஜர் படித்துவிட்டுக் கேட்டார்: "ஏந்தம்பி, நீ சாம்பிளை அனுப்புனியா, இல்ல உன்னையவே பொட்டில போட்டு அனுப்பிட்டாங்களா?"

தவறு எங்கிருந்து வந்ததென்று யோசித்தால் சுவாரசியமாக இருந்தது. மனதுக்குள் ஓடியது 'அனுப்பி இருக்கிறோம்.' அந்த 'இருக்கிறோம்' அப்படியே 'ஆர்' ஆகிவிட்டது. 'நாங்கள் அனுப்பியிருக்கிறோம்' என்பதில் முன்னால் நிற்பது அனுப்பிய ஆள், அதற்கு 'ஹேவ்' வேண்டும்: 'வீ ஹேவ் டிஸ்பேச்டு.' 'பெட்டி பூட்டியிருக்கு' என்பதில் முன்னால் நிற்பது பூட்டப்பட்ட பொருள், அங்கேதான் 'இஸ்' சரி: 'தி பாக்ஸ் இஸ் லாக்டு.' தமிழில் இரண்டுக்கும் ஒரே 'இரு'. 'ஐ ஆம் கம்ப்ளீட்டட் தி ஒர்க்' என்று நம்மவர்கள் பாதிப்பேர் எழுதுவதற்கும் இதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

பள்ளியில் இதைச் சொல்லாமல் 'படு' விகுதியைக் காட்டிவிட்டார்கள். கொல்லப்பட்டான், உண்ணப்பட்டது. செய்தித்தாளிலும் அரசாணையிலும் அது உண்டு, சரி. வீட்டில் யாராவது 'சோறு என்னால் சாப்பிடப்பட்டது' என்பார்களா? பேச்சில் வராத வடிவத்தை வைத்து இன்னொரு மொழியைப் பிடிக்கப் பார்த்ததால்தான் பேசிவ் என்றாலே ஏதோ செயற்கையான சமாச்சாரம் என்று மனதில் பதிந்துவிட்டது.

யார் செய்தார் என்பதை விட்டுவிட்டுப் பேச நமக்கு வேறு வழிகள் தாராளமாக இருக்கின்றன. 'கரண்ட் பில் கட்டியாச்சு.' யார் கட்டினார்? தேவையில்லை. 'பழைய பாலத்த இடிச்சுட்டாங்க.' யார் அந்த 'ஆங்க'? ஒருவரும் இல்லை. இது பழைய பழக்கம்தான். செயப்படுபொருளையே செய்தவன்போல வைத்துப் பேசுவது வழக்கு என்று தொல்காப்பியம் சொல்கிறது. உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம் 'திண்ணை மெழுகிற்று.' திண்ணை தன்னைத் தானே மெழுகிக்கொள்ளாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே நான் வைத்துக்கொண்ட வழி இது. முதலில் வாயால் தமிழில் சொல்லிப் பார்ப்பேன். பெட்டிகள் கட்டுகிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். 'பேக் பண்ணியாச்சு' என்று வந்தால் 'ஹேவ் பீன் பேக்டு.' 'பேக் பண்ணிட்டிருக்காங்க' என்றால் 'ஆர் பீயிங் பேக்டு.' 'நேத்தே பண்ணிட்டாங்க' என்றால் 'வேர் பேக்டு எஸ்டர்டே.' 'நாளைக்குப் பண்ணிடுவாங்க' என்றால் 'வில் பி பேக்டு டுமாரோ.' 'பண்ணணும்' என்றால் 'ஹேவ் டு பி பேக்டு.' கவனியுங்கள், 'பேக்டு' அசையவே இல்லை. காலம் காட்டும் வேலை முழுவதும் முன்னால் நிற்கும் 'பி' குடும்பத்துடையது (ஆர், வேர், பீன், பீயிங்), கூட வரும் 'ஹேவ்', 'வில்' போன்ற துணைகளுடையது; வினையின் மூன்றாம் வடிவம் கடைசியில் சும்மா நிற்கிறது. சூத்திரம் அவ்வளவுதான்.

ஆங்கிலத்துக்கு ஏன் இவ்வளவு பாடு? அதனிடம் நம் 'ஐ' உருபு இல்லை. 'பூனை எலியைப் பிடித்தது', 'எலியைப் பூனை பிடித்தது', எப்படித் திருப்பினாலும் எலிதான் மாட்டும். ஆங்கிலத்தில் எலியைத் தூக்கி முன்னால் வைத்தால் எலி பூனையைப் பிடித்துவிடும். எலியைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் வினையை மாற்றியே ஆக வேண்டும்.

'பை' என்று ஆளைச் சேர்ப்பது பரீட்சைப் பழக்கம். மெயிலில் பெரும்பாலும் வேண்டாம். அந்த ஆள்தான் செய்தி என்றால் மட்டும் போடுங்கள். 1776இல் எழுதிய அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் 'ஆல் மென் ஆர் கிரியேட்டட் ஈக்வல்' என்ற இடத்தில் 'பை' இல்லை. உடனே அடுத்து, உரிமைகளைக் கொடுத்தது யார் என்று அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில், 'எண்டவ்டு பை தெயர் கிரியேட்டர்' என்று வருகிறது.

தமிழ் நம்மைக் கைவிடுகிற இடம் ஒன்று உண்டு. 'எனக்குச் சொன்னாங்க' என்பது ஆங்கிலத்தில் 'ஐ வாஸ் டோல்டு.' நம் காதுக்கு 'நான் சொல்லப்பட்டேன்' என்று கேட்பதால் கை தயங்கும். 'எனக்கு மூணு நாள் டைம் கொடுத்தாங்க' என்பது 'ஐ வாஸ் கிவன் த்ரீ டேஸ்.' இந்த 'எனக்கு' ஆங்கிலத்தில் 'ஐ' ஆகி முதலில் போய் உட்காரும் என்பதைப் பழகிக்கொள்ள எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. 'பிறந்தேன்' என்பதும் இப்படித்தான். தமிழில் நாமே பிறந்துவிடுகிறோம், ஆங்கிலத்தில் அம்மா பெற்றாக வேண்டும்: 'ஐ வாஸ் பார்ன்.'

எதிர்ப்பக்கமும் விழ வேண்டாம். தானாக நடப்பதற்குப் பேசிவ் கிடையாது. 'ஆக்சிடென்ட் வாஸ் ஹேப்பன்டு' தவறு, 'ஹேப்பன்டு' மட்டும் போதும்.

இனி எங்கே போடக்கூடாது என்பது. 1987 ஜனவரியில் அமெரிக்க காங்கிரஸில் பேசிய அப்போதைய அதிபர் ரீகன், ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற விவகாரத்தைக் குறித்து 'சீரியஸ் மிஸ்டேக்ஸ் வேர் மேட்' என்றார். தவறுகள் நடந்தன, செய்த ஆளைக் காணோம். அந்த ஊர் அரசியலில் இன்றும் கேலிக்கு ஆளாகும் வாக்கியம். ஆளை மறைத்து எழுதினால் மோப்பம் பிடிக்கிற மூக்கு பையர்களுக்கும் உண்டு. ஒருமுறை தாமதத்துக்கு 'தி ஷிப்மென்ட் வாஸ் டிலேய்டு' என்று அழகாக எழுதி, இலக்கணம் பிசகாத பெருமையில் மேனேஜரிடம் காட்டினேன். அவர் அதை அடித்துவிட்டு, 'வீ மிஸ்டு தி வெசல். வீ ஆர் புக்கிங் தி நெக்ஸ்ட் ஒன்' என்று எழுதி அனுப்பச் சொன்னார். பதிலில் திட்டு இல்லை, அடுத்த கப்பலின் தேதியை மட்டும் கேட்டிருந்தார்கள்.