அபராதம் கட்டினால் வழக்கு முடிந்துவிடுமா?

கேள்வி: என் தம்பிக்கு வயது 20. வருகிற தை மாதம் 21 முடிகிறது. ஆனியில், பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் பம்புசெட்டு கொட்டகையிலிருந்து மோட்டார் ஒயரை நண்பனோடு சேர்ந்து அறுத்து, எரித்து, செம்பைக் காயலான் கடையில் போட்டுவிட்டான். வழக்குப் பதிவாகி ஜாமீனில் இருக்கிறான். மதிப்பு 4,000 ரூபாய் என்று முதல் தகவல் அறிக்கையில் இருக்கிறது. இதற்கு முன் எந்த வழக்கும் இல்லை. "ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடு, ஒரே வாய்தாவில் முடியும்" என்கிறார் தெரிந்தவர் ஒருவர். அப்பா, "உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கட்டும்" என்று கோர்ட்டுப் பக்கமே வர மறுக்கிறார். அம்மா, சேர்க்கைதான் பிள்ளையைக் கெடுத்தது என்று அழுகிறார். நாங்கள் என்ன செய்வது?
– ஒரு வாசகி, பாபநாசம் வட்டம்

பதில்: சகோதரி, அபராதம் கட்டினால் வாய்தாவுக்கு அலைவது நிற்கும். ஆனால் அபராதமும் தண்டனைதான். திருட்டு வழக்கில் தண்டனை பெற்றவன் என்ற பதிவு தம்பியின் பெயரில் ஏறிவிடும். இன்னொரு முறை தவறினால், ஓராண்டுக்குக் குறையாத கடுங்காவலுக்கு அதுவே காரணமாகும். ஆகவே அவசரப்பட வேண்டாம்.

உங்கள் அப்பாவும் அம்மாவும் போடும் சண்டை 250 ஆண்டு பழையது. 1764இல் மிலான் நகரத்து பெக்காரியா என்ற இளைஞர், குற்றங்களையும் தண்டனைகளையும் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்கிய காலம் அது. நீதிபதியின் மனம்போனபடி தண்டனை அமைந்தது. மனிதன் லாப நட்டம் பார்த்துத்தான் தப்பு செய்கிறான் என்றார் பெக்காரியா. எந்தச் செயலுக்கு எவ்வளவு தண்டனை என்று சட்டம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தண்டனை கொடூரமாக இருப்பதைவிடத் தப்பாமலும் தாமதமில்லாமலும் வருவதே குற்றத்தைத் தடுக்கும் என்றார். இங்கிலாந்தின் தத்துவ அறிஞர் பெந்தம் அதை இன்னும் கணக்காக்கினார். அவருடைய சிந்தனையில் ஊறி, இங்கே சட்ட ஆணையத் தலைவராக இருந்த மெக்காலே 1837இல் தந்த வரைவுதான், திருத்தங்களோடு 1860இல் இந்தியத் தண்டனைச் சட்டமாயிற்று. குற்றவியல் பாடநூல் செவ்வியல் கொள்கை என்பது இதைத்தான். உங்கள் அப்பா அந்தக் கட்சி. ஆனால் 'நாலு சாத்து சாத்தினால் திருந்துவான்' என்று டீக்கடையில் சொல்பவர்கள் பெக்காரியாவின் ஆட்கள் அல்லர்; சித்திரவதையையும் கொடூரத்தையும்தான் அவர் எதிர்த்தார்.

அம்மாவின் கட்சி நூறாண்டு கழித்து வந்தது. லொம்ப்ரோசோ என்ற இத்தாலிய மருத்துவர், செயலைப் பார்க்காதே, செய்தவனைப் பார் என்றார். அதுவரை சரி. கைதிகளின் மண்டையையும் காதையும் தாடையையும் அளந்து, பிறவிக் குற்றவாளி என்று ஒரு இனமே உண்டு என 1876இல் எழுதினார். பிறகு கோரிங் என்ற சிறை மருத்துவர் ஆங்கிலேயக் கைதிகள் சுமார் 3,000 பேரை அளந்து ஆராய்ந்து, அப்படியொரு தனி உடலமைப்பே இல்லை என்று 1913இல் காட்டினார். லொம்ப்ரோசோவின் மாணவர் ஃபெர்ரி வறுமை, வேலையின்மை, சூழல் பக்கம் திரும்பினார். நேர்க்காட்சிவாதம் என்று பாடநூல் சொல்லும் இந்தக் கொள்கையில் இன்றும் உயிரோடு இருப்பது அந்தப் பகுதிதான்.

பிறவிக் குற்றவாளி என்ற எண்ணம் இத்தாலியிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. லொம்ப்ரோசோவின் நூலுக்கு ஐந்தாண்டு முன்பே, 1871இல், வெள்ளையர் இங்கே குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள். 1911க்குப் பிறகு அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம் முன்னோர் அதைக் 'கைரேகைச் சட்டம்' என்றார்கள். எந்தக் குற்றமும் செய்யாதவன்கூட, பிறந்த சாதிக்காக ரேகை வைத்துவிட்டு, இரவில் ஆஜர் கொடுக்க வேண்டியிருந்தது. 'அவன் ரத்தமே அப்படி' என்று உங்கள் ஊரில் யாராவது பேசினால், பேசுவது அந்தச் சட்டத்தின் மிச்சம்தான்.

ஆளைப் பார்ப்பது நமக்குப் புதிதும் அல்ல. திருவாரூர்க் கல்தேரைக் காட்டி, கன்றுக்காக மகனையே தேர்க்காலில் இட்ட சோழன் கதையைச் சொல்கிறோம். ஆனால் சோழர் காலக் கல்வெட்டுகள் சிலவற்றைப் படித்தால், வேட்டையில் குறி தவறி ஆளைக் கொன்றவனுக்கு உயிர்த்தண்டனை இல்லை. கோயிலில் விளக்கெரிக்க ஆடோ மாடோ கொடு என்று ஊரார் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு வழக்கமான கணக்கு 96 ஆடு. கொலையானாலும் மனத்தில் பகை இருந்ததா என்று விசாரித்திருக்கிறார்கள்.

இன்றைய கோர்ட் இரண்டு கட்சிக்கும் இடம் கொடுக்கிறது. திருடினானா இல்லையா என்பதில் அப்பாவின் கட்சி. சாட்சியம் மட்டுமே பேசும். திருடினான் என்று முடிவான பிறகு, இவனை என்ன செய்வது என்ற கேள்வியில் அம்மாவின் கட்சிக்கு வாய் திறக்க உரிமை உண்டு. அதற்கான சட்டம் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், 1958. தெரிந்தவர் சொன்ன குறுக்குவழியில், இந்த இரண்டாவது கேள்வியை யாரும் கேட்காமலே போய்விடக்கூடும்.

முதலில் முதல் தகவல் அறிக்கையில் என்ன பிரிவு என்று பாருங்கள். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் இப்போது இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303(2) என்றால் சாதாரணத் திருட்டு; அதிகபட்சம் மூன்றாண்டு. பொருள் வைத்துப் பாதுகாக்கும் கட்டடத்துக்குள் நடந்த திருட்டு என்று 305 போட்டிருந்தால் ஏழாண்டு வரை போகலாம். கொட்டகைக்குச் சுவரும் கதவும் உண்டா, நாலு தூணும் கீற்றுமா என்பதைக்கூட வக்கீலிடம் சொல்லுங்கள்.

303(2) மட்டும் என்றால், பறிகொடுத்தவர் சம்மதித்து கோர்ட்டில் சமரசம் செய்யலாம். அதன் பலன் விடுதலை. மக்கள் நீதிமன்றத்திலும் இதை முடிக்கலாம். ஆனால் 4,000 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகாதீர்கள். குறுவை நாற்றங்கால் கிடக்கும் நேரத்தில் மோட்டார் நின்றால் நட்டம் செம்பின் எடைக்கணக்கில் வராது. புது ஒயர் வாங்கி, ஆள் கூட்டி மாட்டி, அதுவரை இரவல் தண்ணீருக்கு அலைந்திருப்பார். தம்பி நேரில் நின்று மன்னிப்புக் கேட்கட்டும்.

அவர் இணங்காவிட்டால்? 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டில் முதன்முறை தண்டிக்கப்படுபவர் பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்தால், 303(2)இன்கீழ் சமூக சேவைதான் தண்டனை. சிறை இல்லை, ஆனால் இதுவும் தண்டனைப் பதிவுதான். அதைவிட நல்லது 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கண்டித்து விடுவதோ, ஒழுங்காக நடப்பேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு நன்னடத்தைப் பிணையில் விடுவதோ. அப்படி விடப்பட்டவருக்கு, தண்டனையால் வரும் தகுதியிழப்பு கிடையாது என்கிறது 12ஆம் பிரிவு. இதனால் நடந்தது நடக்கவில்லை என்று ஆகிவிடாது. பின்னாளில் அரசு வேலைக்கான படிவத்தில் கேட்டால் மறைக்காமல் எழுத வேண்டும். போலீஸ் வேலையில் இன்னும் கறாராகப் பார்ப்பார்கள்.

இங்கேதான் தை மாதம் முக்கியமாகிறது. 21 வயது ஆகாதவரைச் சிறைக்கு அனுப்பும் முன், நன்னடத்தை அலுவலரின் அறிக்கையை கோர்ட் பெற்றாக வேண்டும். சிறைதான் என்றால் காரணம் எழுத வேண்டும். அந்த வயது திருடிய நாளில் பார்ப்பதல்ல, தண்டனையை முடிவு செய்யும் நாளில் பார்ப்பது. வழக்கு இழுத்துக்கொண்டு தையைத் தாண்டினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். அதன் பிறகும் நன்னடத்தைப் பிணை கேட்கலாம். ஆனால் அது கோர்ட்டின் விருப்பம்.

அலுவலர் வீட்டுக்கு வருவார். ஒருமுறை அப்படி வந்தவர் ஒருவர், திண்ணையில் உட்கார்ந்து வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பையன் எந்த வகுப்போடு நின்றான், இரவு எத்தனை மணிக்குச் சாப்பிட வருவான், கையில் காசு கிடைத்தால் யாரிடம் கொடுப்பான் என்று அந்தத் தாயிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். சோடித்துச் சொல்லாமல் உள்ளதைச் சொல்லச் சொல்லுங்கள் அம்மாவை.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுங்கள், கட்டணமில்லை. தம்பியின் பத்தாம் வகுப்புச் சான்றிதழை எடுத்து வையுங்கள், வயதுக்கு அதுதான் ஆதாரம். அப்பாவை அழைத்து வரும் பொறுப்பு உங்களுடையது. நன்னடத்தைப் பிணையில் விடும் முன், பையனுக்கோ ஜாமீன்தாரருக்கோ நிலையான வீடு அல்லது தொழில் உண்டா என்று கோர்ட் கேட்கும். உங்கள் வீட்டில் அதைக் கையெழுத்துப் போட்டுச் சொல்லக்கூடியவர் அவர்தான்.