பயணத்தில் அரும்பொருளகத்துக்கும் கைவேலைப் பயிலரங்குக்கும் நேரத்தை எப்படிப் பிரிப்பது?

சிங்கப்பூரில் நான்கு நாள் தங்கப் போகிறீர்கள். அரும்பொருளகங்களையும் பார்க்க வேண்டும், கையால் எதையாவது செய்தும் பார்க்க வேண்டும் என்கிறீர்கள். நேரத்தைப் பங்கு போடுவதைவிட எதை முதலில் செய்வது என்பதுதான் முக்கியம். என்னைக் கேட்டால், முதலில் கைவேலை, அப்புறம் அரும்பொருளகம்.

போன ஆண்டு மதுரையிலிருந்து வந்த சித்தி மகளை ஒரு மண்பாண்டப் பயிலரங்குக்கு அழைத்துப் போனேன். இரண்டு மணி நேரம் சக்கரத்தின் முன் உட்கார்ந்து ஆளுக்கொரு கிண்ணம் வனைந்தோம். விளிம்பை மெலிதாக்கப் போகும்போதெல்லாம் அது ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

மறுநாள் ஆசிய நாகரிக அரும்பொருளகம். 1998இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே கண்டெடுத்த, கடலில் மூழ்கிய ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பலின் சரக்கு அங்கே இருக்கிறது. கப்பலில் கிடைத்தவை ஏறத்தாழ 60,000 பாண்டங்கள், பெரும்பாலும் சீனத்தின் சாங்ஷா சூளைகளில் செய்த கிண்ணங்கள். முன்பு போனபோது "அம்மாடி, எத்தனை கிண்ணம்!" என்று நகர்ந்துவிட்டேன். இந்த முறை அரை மணி நேரம் அங்கேயே நின்றோம். விளிம்பில் நான்கு இடங்களில் பழுப்பு நிறம். கிண்ணத்தைச் சாய்த்துச் சாய்த்து நான்கு முறை வண்ணக் குழம்பில் முக்கியிருக்கிறார்கள். நடுவில் ஒரு பறவை, சில தீற்றல்களில் முடிந்துவிட்டது. "அக்கா, இதைச் செய்தவர் ஒரு நாளைக்கு எத்தனை செய்திருப்பார்?" என்றாள் தங்கை. முந்தின நாள் சக்கரத்தில் உட்காராவிட்டால் அந்தக் கேள்வி எங்களுக்குத் தோன்றியிருக்காது.

இதே மாதிரி பாத்திக் (துணியில் மெழுகால் வரைந்து சாயமேற்றும் கலை) வரைந்துவிட்டோ மணி கோத்துவிட்டோ ஆர்மீனியன் ஸ்திரீட்டில் இருக்கும் பெரானாக்கான் அரும்பொருளகத்துக்குப் போங்கள். பெரானாக்கான் என்றால் இங்கே குடியேறிய வணிகர்களும் உள்ளூர்ப் பெண்களும் மணந்து உருவான சமூகம். மணி வேலைப்பாடு செய்த காலணியில் ஒவ்வொரு மணியும் தனித்தனியாகத் தெரியும்.

ஒரே நாளில் இரண்டு அரும்பொருளகம் வேண்டாம், கால் கடுத்துவிடும். ஆசிய நாகரிக அரும்பொருளகம் வெள்ளிக்கிழமை இரவு 9 மணி வரை திறந்திருக்கும். அன்று பகலில் கைவேலை, மாலையில் அங்கே என்று வைத்துக்கொள்ளலாம். லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவில் சாப்பிடப் போகும்போது பக்கத்திலேயே கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம், திங்கள் மட்டும் விடுமுறை.

பயிலரங்குக்குப் பதியும் முன் செய்த பொருள் அன்றே கைக்கு வருமா என்று கேட்டுவிடுங்கள். மண்பாண்டம் காய்ந்து, சூளையில் வெந்து வர வாரக்கணக்காகும். தங்கை ஊருக்குப் போய் ஒன்றரை மாதம் கழித்துத்தான் அவள் கிண்ணம் வந்தது. இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது, தீபாவளிக்குப் போகும்போது கொண்டு போகிறேன்.