ஸ்பிரிங் ரிவர்ப்: பெட்டி வாங்கலாமா, பிளக்-இன் போதுமா?

கேள்வி: வீட்டில் கணினியில்தான் பாட்டு மிக்ஸ் செய்கிறேன். பழைய கிட்டார் பதிவுகளில் கேட்கிற ஸ்பிரிங் ரிவர்ப் (சத்தத்தைக் கம்பிச்சுருள் வழியாக அனுப்பி எதிரொலிக்க வைப்பது) சத்தம் எனக்கும் வேண்டும். அதைப் போலச் செய்யும் இலவச பிளக்-இன் (மிக்ஸ் மென்பொருளில் சேர்க்கும் சின்ன நிரல்) ஒன்றைப் போட்டுப் பார்த்தால் குரல் தகர டப்பாவுக்குள் பாடுவது போல 'டொய்ங்' என்கிறது. செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்பிரிங் ரிவர்ப் பெட்டி விலைக்கு வந்திருக்கிறது. வாங்கிவிடட்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். அந்த டொய்ங் பிளக்-இன்னின் குற்றம் இல்லை, நிஜ ஸ்பிரிங்கும் அப்படித்தான் கத்தும். கம்பிச்சுருளில் ஓடும்போது எல்லா அதிர்வெண்களும் ஒரே வேகத்தில் போவதில்லை, அதனால் 'டக்' என்று உள்ளே போனது 'டியூவ்' என்று இழுபட்டு வெளியே வருகிறது. 1930களில் ஹேமண்ட் நிறுவனம் தன் ஆர்கனில் இதைச் சேர்த்தது, வீட்டுக் கூடத்திலும் பெரிய மண்டபத்தில் வாசிப்பது போலக் கேட்கட்டும் என்றுதான். மண்டபம் மாதிரி கேட்கவில்லை. 1961ல் கிட்டார் நிறுவனமான ஃபெண்டர் அதைத் தனிப் பெட்டியாகக் கொண்டுவந்த பிறகு கிட்டார்காரர்களுக்கு அந்தக் கோணல் சத்தமே பிடித்துப்போய்விட்டது.

ஆக, எதை வாங்குகிறீர்கள் என்பதைவிட ஸ்பிரிங்குக்குள் என்ன அனுப்புகிறீர்கள் என்பதுதான் விஷயம். ரிவர்பை ட்ராக்கின் மேலேயே போடாமல் தனி சென்டில் (ட்ராக்கின் நகலை ரிவர்புக்கு அனுப்பும் தனி வழி) வையுங்கள், முழுக்க வெட், அதாவது அதில் ரிவர்ப் சத்தம் மட்டுமே வர வேண்டும். அதற்கு முன்னால் திடீரென்று உயரும் சத்தத்தை அடக்கும் ஒரு கம்ப்ரசரோ லிமிட்டரோ போட்டு 'ப', 'ட', 'க' மாதிரி இடித்து வரும் எழுத்துகளை அமுக்குங்கள், 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், 40 மில்லிசெகண்ட் அளவுக்கு ப்ரீ-டிலே (ரிவர்ப் தொடங்கும் முன் சின்ன இடைவெளி) கொடுங்கள், பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்துவிடும். கிட்டார் இடது பக்கம் என்றால் ஸ்பிரிங்கை மோனோவாக வலது பக்கம் தள்ளிப் பாருங்கள், எனக்கு ரொம்பப் பிடித்த வழி அது. டிரம்ஸ் முழுவதையும் மட்டும் அனுப்பாதீர்கள். ஸ்நேர் டிரம்மில் அங்கங்கே ஒரு அடி போதும், ரெக்கே பாட்டுகளை எதிரொலி சேர்த்து மறுபடி மிக்ஸ் செய்த டப் இசைக்காரர்கள் அதை வைத்தே பிழைத்தார்கள்.

இப்படிச் செய்தும் மனம் நிறையவில்லை என்றால் காசு கொடுக்கும் பிளக்-இன் ஒன்றை ட்ரையலில் போட்டு, உங்கள் பாட்டிலேயே இரண்டு வாரம் ஓட்டுங்கள். டெமோ வீடியோவை நம்ப வேண்டாம், அதில் எப்போதும் கிட்டார் தனியாகத்தான் வாசிக்கும்.

சரி, பெட்டிதான் வேண்டும் என்றால், முதலில் அது லைன் லெவலை (ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாவது கணினியோடு இணைக்கும் ஒலிப்பெட்டி, வெளியே அனுப்பும் பலமான சிக்னல்) ஏற்குமா என்று கேளுங்கள். கிட்டாருக்கென்று செய்ததாக இருந்தால் இன்டர்ஃபேஸுக்கும் அதற்கும் நடுவில் அந்த சிக்னலைக் கிட்டார் அளவுக்கு மாற்றும் ரீஆம்ப் பாக்ஸ் தேவைப்படும், அது தனிச் செலவு. அப்புறம், ஓட விட்டுப் பதிவு செய்துதான் ட்ராக்கில் வைக்க முடியும், நாளைக்கு டெம்போவை மாற்றினால் மறுபடியும் பதிவு.

நேரில் போய்ப் பாருங்கள். பவரை ஆஃப் செய்து டேங்கை (ஸ்பிரிங்குகள் இருக்கும் உள்பெட்டி) திறக்கச் சொல்லி ஸ்பிரிங்குகளை எண்ணுங்கள். நான் வாங்கிய ஒன்றில் இரண்டில் ஒன்று கொக்கியிலிருந்து கழன்று கிடந்தது, சத்தம் வந்துகொண்டுதான் இருந்தது, மெலிசாக, அதுதான் 'விண்டேஜ் டோன்' போலிருக்கிறது என்று ஒரு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். மல்டிமீட்டர் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். டேங்கின் ஒயரைக் கழற்றிவிட்டு அளந்தால், 4AB3C1B என்ற மாடல் எண் அச்சடித்த டேங்கில் உள்ளீட்டுப் பக்கம் 1 ஓமுக்குச் சற்றுக் குறைவாகவும் வெளியீட்டுப் பக்கம் 200 ஓம் வாக்கிலும் காட்டும், முடிவிலி காட்டினால் அந்தப் பக்கத்து மின்கம்பிச் சுருள் (ஸ்பிரிங் இல்லை) அறுந்திருக்கிறது. டேங்கை மட்டும் மாற்றுவது சுலபம், ஆனால் அதே எண் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். கடைசியாக, எதுவும் வாசிக்காமல் ரிவர்ப் குமிழை முழுக்கத் திருகி 'ஹம்' எவ்வளவு என்று கேளுங்கள். பவர் சப்ளையிலிருந்து தள்ளி வைத்தும் அது குறையவில்லை என்றாலோ, மூடியைத் திறக்கவே விற்பவர் யோசித்தாலோ, அந்தப் பெட்டி வேண்டாம்.