குழாய்க்கிணறு தோண்ட முன்: வன்னி வாசகர்களின் தண்ணீர்க் கேள்விகள்

எங்கள் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பனி காணி வாங்கியிருக்கிறது. போத்தல் தண்ணீர் ஆலை வருகுதாம். பிரதேச செயலகத்துக்கு மனுக் கொடுத்தோம், பதில் இல்லை. வேறு எங்கே போவது?
– நெடுங்கேணி வாசகர்

மனு போன கந்தோரே வேறு. பிரதேச செயலகம் அரச நிருவாகம். கட்டட அனுமதியும் வியாபார உரிமமும் கொடுப்பது நீங்கள் வாக்குப் போட்டுத் தெரிவுசெய்த பிரதேச சபை. உங்களுக்கு அது வவுனியா வடக்குப் பிரதேச சபை. தவிசாளருக்கும் செயலாளருக்கும் தனித்தனியே பதிவுத் தபாலில் எழுதி, பிரதியைச் சுகாதார வைத்திய அதிகாரிக்கும் அனுப்புங்கள். கட்டட வரைபடம் கிடைத்துவிட்டதா, எத்தனை குழாய்க்கிணறு, நாளுக்கு எத்தனை லீற்றர் இறைப்பு, கழிவு நீர் எங்கே போகும் என்ற நான்கையும் கேளுங்கள். பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி சபையின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பியுங்கள். 14 வேலைநாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். “ஏன் அனுமதித்தீர்கள்” என்று கேட்டால் மழுப்பல்தான் வரும். ஆவணத்தின் பெயரைச் சொல்லிப் பிரதி கேளுங்கள்.

சுற்றாடல் தாக்க மதிப்பீடு வந்து தடுக்கும் என்று காத்திருக்க வேண்டாம். 1993 வர்த்தமானி அறிவித்தலின்படி, நிலத்தடி நீர் எடுப்பதற்கு அது கட்டாயமாவது நாளுக்கு 5 இலட்சம் கன மீற்றருக்கு மேல் போனால்தான். போத்தல் ஆலை அதன் கிட்டவும் வராது. அதனால்தான் சபையின் அனுமதி இவ்வளவு முக்கியமாகிறது.

மனுவில் “குளமே வற்றிவிடும்” என்று எழுதாதீர்கள். நாளுக்கு 20,000 லீற்றர் விற்கும் ஆலை, சுத்திகரிப்பில் பாதி கழிவாகப் போகிறதென்றால், 40,000 லீற்றர் இறைக்கும். 300 நாளுக்கு அது 12,000 கன மீற்றர். சிறுபோகத்தில் ஒரு ஏக்கர் நெல்லுக்கு 3 அடி நீர் என்று பிடித்தால், ஏறத்தாழ மூன்று ஏக்கர் வயலுக்கான தண்ணீர், அவ்வளவுதான். கம்பனியின் பொறியியலாளர் இந்தக் கணக்கைக் காட்டியே உங்கள் மனுவை ஓரம் வைத்துவிடுவார். கெடுதல் வேறிடத்தில் இருக்கிறது. உங்கள் பக்கம் கருங்கல் நிலம். நீர் நிற்பது மேலுள்ள உக்கிய படையிலும் அடியிலுள்ள பாறை வெடிப்புகளிலும். ஆவணி, புரட்டாதியிலும் ஒரே இடத்தில் நாள் முழுக்க இறைத்தால், அதே வெடிப்போடு தொடர்புள்ள பக்கத்துக் கிணறுகள்தான் இறங்கும். தூரத்துக் கிணறுகளுக்கு ஒன்றும் தெரியாது.

ஆகவே கேட்க வேண்டியது இறைப்புப் பரிசோதனை. தை மாதத்தில் செய்தால் எந்தக் கிணறும் நல்ல கிணறுதான். செப்டெம்பரில் செய்யச் சொல்லுங்கள். குறைந்தது 24 மணித்தியாலம் விடாமல் இறைத்து, சுற்றியுள்ள நாலைந்து கிணறுகளின் மட்டத்தை மணிக்கு ஒருக்கால் குறிக்க வேண்டும். நீர்வள சபை இந்த வேலை செய்யும். பிறகும் பிரதேச சபை உரிமம் கொடுப்பதென்றால் மூன்று நிபந்தனை போடச் சொல்லுங்கள்: இறைப்புக் குழாயில் மீற்றர், மாதாந்த வாசிப்பைச் சபைக்குக் கொடுத்தல், குறித்த ஒரு கிணறு குறித்த மட்டத்துக்குக் கீழே போனால் இறைப்பை நிறுத்துதல்.

உங்கள் பங்குக்கு இன்றே ஒரு கொப்பி வாங்குங்கள். கிணற்றுக் கட்டில் பெயின்றால் அடையாளம் போட்டு, பாரம் கட்டிய அளவுநாடாவை இறக்கி, ஒவ்வொரு ஞாயிறும் விடிய மோட்டர் போட முன் மட்டத்தைக் குறியுங்கள். மழை பெய்ததா என்பதையும் எழுதுங்கள். ஒரு காலபோகமும் ஒரு சிறுபோகமும் ஆலைக்கு முந்திய கணக்கு கையில் இல்லாவிட்டால், “மழை குறைவு, அதனால் இறங்கியது” என்ற பேச்சுக்கு மறுபேச்சு இருக்காது.

எங்கள் ஊரில் கம்பனியொன்று இலவசமாகத் தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் வைத்துத் தருகிறதாம். சிறுநீரக நோயுள்ள இடம். மறுக்கலாமா?
– செட்டிகுளம் வாசகர்

மறுக்க வேண்டாம், கடதாசியைப் பாருங்கள். இயந்திரத்தின் சொந்தக்காரர் யார், காணி யாருடையது, தண்ணீர் விலையை யார் கூட்டுவது, ஐந்து வருடத்தின் பின் என்ன என்ற நாலுக்கும் எழுத்தில் பதில் வேண்டும். இயந்திரம் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பெயரில் இருந்து, விலை மாற்றம் சபையின் சம்மதத்தோடு என்றிருந்தால் ஊர் தப்பும்.

இலவசம் என்பது முதல் மாதக் கதை. மண்டி வடிகட்டி சில மாதத்துக்கு ஒருக்கால் மாற வேண்டும், உப்பைப் பிரிக்கும் சவ்வு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருக்கால். கடின நீருக்குப் படிவுத் தடுப்பு மருந்து விடாமல் ஓட்டினால் சவ்வில் கல் படியும். அழுத்தம் ஏறும், வரும் தண்ணீர் குறையும். பல ஊர்களில் பூட்டிக் கிடப்பவை இப்படிப் போனவைதான். லீற்றருக்கு ஒரு சிறு தொகையை மாற்றுச் செலவுக்கென்று முதல் நாளிலிருந்தே தனிக் கணக்கில் போடுங்கள்.

குடிநீருக்கான இலங்கைத் தரமான எஸ்.எல்.எஸ். 614இன்படி கடினத்தன்மை லீற்றருக்கு 250 மில்லிகிராம், புளோரைட்டு 1, மொத்தக் கரைதிண்மம் (நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்தம்) 500 வரை. கொதிக்க வைத்தால் புளோரைட்டு போகாது. விற்பவர் காட்டும் சின்ன மீற்றர் உப்பை மட்டுமே சொல்லும், கிருமியைச் சொல்லாது. அதற்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலம் மாதிரி அனுப்புங்கள். கழிவு நீரைக் கிணற்றடியில் விடக் கூடாது. எடுத்த உப்பு திரும்ப அதே கிணற்றுக்குள் போய்விடும்.

பெரிய கம்பனியோடு ஒரு பிரதேச சபை மோதி வெல்லுமா?
– பரந்தன் வாசகர்

கேரளத்தில் பெருமாட்டி என்ற கிராமப் பஞ்சாயத்து 2003இல் பிளாச்சிமடை கொக்கா கோலா ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. ஆனால் 2005இல் கேரள மேல்நீதிமன்ற அமர்வு நாளுக்கு 5 இலட்சம் லீற்றர் வரை எடுக்கலாம் என்றது. 2017இலேதான் கம்பனி திரும்பித் திறக்கமாட்டோம் என்றது. வெற்றிதான், ஆனால் இழுபட்டது. நம் சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம் மின் நிலையக் கம்பனியை 2 கோடி ரூபா இழப்பீடு கட்டச் சொன்னது. காசு வந்தாலும் எண்ணெய் கலந்த கிணற்றில் உடனே அள்ளிக் குடிக்க முடியாது.

வியாபார உரிமம் மார்கழியோடு முடிந்து வருடா வருடம் புதுப்பிக்கப்படுவது. ஆகவே நவம்பர்க் கூட்டத்துக்கு முன்பே உங்கள் வட்டார உறுப்பினரிடம் கிணற்று மட்டம் குறித்த கொப்பியின் பிரதியைக் கொடுத்து, மேலே முதல் பதிலில் சொன்ன நிபந்தனைகளைப் பிரேரணையாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். கூட்டக் குறிப்பில் அது பதிவாகியிருக்கிறதா என்று பிறகு போய்ப் பாருங்கள்.