வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திட வேண்டுமா?

கேள்வி: இங்கிலாந்தில் ரெடிங் நகரிலுள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் ஏழு ஆண்டுகள் இருந்தேன். உதவியாளராகச் சேர்ந்த நாளில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், விலகிய பின் 12 மாதம் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது, 6 மாதம் பழைய வாடிக்கையாளர்களை அணுகக் கூடாது என்று இருக்கிறது. மேலாளரானபோது புது ஒப்பந்தம் தரவில்லை. எங்கே சேரப்போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் விலகினேன். புது நிறுவனத்தில் சேர்ந்து ஒன்பது வாரம் கழித்து, பழைய நிறுவனத்தின் சொலிசிட்டரிடமிருந்து (வழக்கறிஞரிடமிருந்து) கடிதம் வந்திருக்கிறது. இந்தத் தடைகளுக்குக் கட்டுப்படுவதாக வெள்ளி மாலை 4 மணிக்குள் உறுதிமொழியில் கையெழுத்திடாவிட்டால், முழு விசாரணை வரை என்னைத் தடுக்கும் இடைக்காலத் தடையாணையை நீதிமன்றத்தில் கோருவார்களாம். சென்னையில் வக்கீலாக இருக்கும் என் மைத்துனர், இதெல்லாம் செல்லாது, குப்பையில் போடு என்கிறார். பழைய வேலையின் கடைசி வாரத்தில் வாடிக்கையாளர் பட்டியல் ஒன்றை என் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொண்டேன், பயன்படுத்தவில்லை.

பதில்: குப்பையில் போடாதீர்கள். மைத்துனர் சொல்வது இந்தியாவுக்குச் சரி. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு அங்கே இத்தகைய தடையைச் செல்லாததாக்குகிறது. ரெடிங்கில் அந்தப் பிரிவு கிடையாது. நிறுவனத்தின் நியாயமான நலனைக் காக்கத் தேவையான அளவைத் தாண்டாத தடை இங்கிலாந்தில் செல்லும். ஒரு சொல் கூடிப்போனதால் முழு நிபந்தனையும் விழுந்துவிடும் என்றும் நம்ப முடியாது. போட்டி நிறுவனத்தில் ஒரு பங்குகூட வைத்திருக்க விடாத சொல்லை மட்டும் வெட்டிவிட்டு, மிச்சம் செல்லும் என்று 2019இல் டில்மன் வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொன்னது.

அந்த வழக்கில் ஆறு மாதத் தடை 2017லேயே தீர்ந்துவிட்டது என்பதையும் கவனியுங்கள். இந்த வழக்குகளின் இயல்பே அதுதான்: முழு விசாரணைக்கு முன்பே தடைக்காலம் முடிந்துவிடும், இடைக்கால மனுவில் வென்றவரே பெரும்பாலும் வழக்கை வென்றவர். அந்தக் கட்டத்தில், விசாரிக்கத்தக்க கேள்வி உண்டா, இழப்பைப் பணத்தால் ஈடுகட்டலாமா, யாருக்கு இன்னல் அதிகம் என்று மட்டும் பார்ப்பது 1975ஆம் ஆண்டு அமெரிக்கன் சயனமிட் வழக்கின் வழக்கம். ஆனால் விசாரணைக்கு முன் தடைக்காலம் பெரும்பாலும் கரைந்துவிடும் என்றால், யார் பக்கம் வலு என்பதையும் நீதிபதி எடைபோடலாம் என்றது 1991ஆம் ஆண்டு லான்சிங் லிண்டே தீர்ப்பு.

எடைபோட்டால் உங்கள் பக்கம் இரண்டு விஷயங்கள் நிற்கின்றன. நிபந்தனை நியாயமானதா என்பதைக் கையெழுத்திட்ட நாளை வைத்தே அளப்பார்கள். நீங்கள் இன்று யார் என்பது கணக்கில் வராது. அன்று உதவியாளராக இருந்தவருக்கு 12 மாதத் தடை எதற்கு என்று அவர்கள்தான் விளக்க வேண்டும். இரண்டாவது, ஒன்பது வாரத் தாமதம். தெரிந்தே காத்திருந்தவர் அவசரம் என்று வந்து நின்றால் நீதிமன்றம் முகம் சுளிக்கும். 2022இல் பிளானன் வழக்கில் தடையாணை மறுக்கப்பட்டதற்குத் தாமதமே முக்கியக் காரணம். ஆறு மாத வாடிக்கையாளர் தடையோ வேறு கதை. அது செல்லுபடியாகும் வாய்ப்பு நிறைய.

என்னை உறுத்துவது அந்தப் பட்டியல்தான். ஒப்பந்தமே செல்லாமல் போனாலும் நிறுவன ரகசியத்தை எடுத்துச்சென்ற குற்றச்சாட்டு நிற்கும். நீதிபதியின் மனமும் அந்த ஒரு மின்னஞ்சலில் திரும்பிவிடும். பயத்தில் அதை அழித்துவிடாதீர்கள். சான்றை அழித்தவர் என்ற பெயர், பட்டியலை எடுத்தவர் என்ற பெயரை விடவும் மோசம். தொடாமல் அப்படியே வைத்து, உங்கள் சொலிசிட்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.

அவர்கள் எழுதிய உறுதிமொழியில் அப்படியே கையெழுத்திட வேண்டாம். வெள்ளிக்கு முன்பே உங்கள் வரைவு போகட்டும்: ஆறு மாதம் முடியும்வரை பழைய வாடிக்கையாளர்களை அணுக மாட்டேன், பட்டியலை ஒப்படைக்கிறேன், பொறுப்பை ஒப்புக்கொள்ளவில்லை, வேலையை விட மாட்டேன். இவ்வளவு தந்த பிறகும் மனு போட்டால், வழக்குச் செலவை யார் ஏற்பது என்று பேசும்போது அந்தக் கடிதம் உங்களுக்குக் கைகொடுக்கும். புது நிறுவனத்திடமும் இன்றே சொல்லுங்கள். ஒப்பந்தத்தை மீறத் தூண்டியதாக அவர்கள் மீதும் வழக்கு வரலாம் என்பதால், வக்கீல் கட்டணத்தை அவர்களே ஏற்பதும் உண்டு.