மாயா மொழிகளைப் படித்தால் சோறு கிடைக்குமா? – கேள்வி பதில்

மாயா உள்ளிட்ட, மெக்சிகோ, குவாத்தமாலா பக்கத்துப் பழங்குடி மொழிகளை ஆராயும் வேலையைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

மொழியியல் படிக்க நிறைய மொழிகள் பேசத் தெரிய வேண்டுமா மேடம்? (பிளஸ் டூ மாணவி, திருச்சி)

வேண்டாம்மா. ஆனால் ஸ்பானிஷ் இல்லாமல் அங்கே ஒரு அடி நகர முடியாது. சந்தையில் பேரம் பேசவும் அதுதான், பழைய அகராதிகளைப் புரட்டவும் அதுதான். மொலினா என்ற பாதிரியார் அஸ்டெக் மக்களின் நாவாட்டில் மொழிக்குத் தொகுத்த அகராதி 1571இல் வந்தது. இன்றும் அதைப் பிரிக்காமல் வேலை ஓடாது.

களப்பணி என்றால் என்னதான் செய்வீர்கள்? (ஈரோடு)

பெரும்பாலும் உட்கார்ந்திருப்போம். ஒரு பெரியவர் சோளம் விதைப்பதைப் பற்றிப் பேசுவார், ரெக்கார்டர் ஓடும். அவர் பத்து நிமிடம் பேசியதை எழுத்தில் இறக்கி, சொல் சொல்லாகப் பிரித்து, அர்த்தம் போட்டு முடிக்க நாள்கணக்கில் ஆகும். மெக்சிகோவின் யுகடான் பகுதியில் பேசும் யுகடான் மாயாவில் பாம்பும் வானமும் கிட்டத்தட்ட 'கான்'தான். பாம்புக்கு நெடில் அப்படியே நீளும். வானத்துக்கு நடுவில் தொண்டை ஒரு கணம் அடைத்துத் திறக்கும். காலையில் வானம் என்று எழுதியதை மாலையில் பாம்பு என்று திருத்தியிருக்கிறேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் அந்த வித்தியாசம் அப்புறம் மறக்கவே இல்லை.

மாயர்களும் நம் மயனும் ஒன்றுதானே? அவர்கள் தமிழர்கள் என்கிறார்களே? (மதுரை)

இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்! இல்லை. பெயர் ஒலிப்பது ஒத்துப்போனால் மட்டும் உறவாகிவிடாது. தமிழில் பால், பல், புலி. கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹுலி. பகரம் வருமிடத்தில் வரிசையாக ஹகரம் வருகிறது பாருங்கள், அதுதான் உறவுக்குச் சாட்சி. மாயா மொழிகளுக்குள்ளும் இதே கதைதான். பச்சை நிறம் குவாத்தமாலாவின் கிச்சே என்ற மாயா மொழியில் 'ராஷ்', யுகடானில் 'யாஷ்'. வலி அங்கே 'ரா', இங்கே 'யா'. ரகரமும் யகரமும் இப்படி மாறி மாறி வரும். தமிழோடு வைத்துப் பார்த்தால் இப்படி ஒரு வரிசை கிடைப்பதில்லை. தமிழில் வினை கடைசியில் வரும். அந்தப் பகுதி மொழிகளிலோ வினை கடைசியில் வராததே பொது அடையாளம் என்று கேம்பல், காஃப்மன், ஸ்மித்-ஸ்டார்க் என்ற மொழியியலாளர்கள் மூவரும் 1986இல் எழுதினார்கள்.

ரசிக்க வேறு விஷயங்கள் இருக்கின்றன. கிச்சேயில் இருபதுக்கு 'ஹுவினாக்' என்பார்கள், அதாவது 'ஒரு ஆள்'. கைவிரல் கால்விரல் எல்லாம் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

ஒரு மொழியைப் பேசும் கடைசி இரண்டு பேரும் சண்டை போட்டுப் பேசுவதில்லையாமே? (சேலம்)

தபாஸ்கோ மாநிலத்து ஆயாபானேகோ மொழியைச் சொல்கிறீர்கள். ஒரு தொலைபேசி நிறுவனம் அதை வைத்து விளம்பரமே எடுத்தது. அந்தச் சண்டைக் கதை ஊதிப் பெரிதாக்கியது. மொழி தெரிந்தவர்கள் அந்த இரண்டு பேர் மட்டுமும் அல்ல.

வேலை, சம்பளம்? (பெற்றோர், சென்னை)

நேராகவே சொல்கிறேன், குறைவு. பல்கலைக்கழக இடங்கள் கொஞ்சம்தான். முனைவர் பட்டத்துக்குப் பிறகும் பல வருடம் தற்காலிகத் திட்டங்களில் ஓடும்.

அங்கத்து மக்களே தங்கள் மொழியை ஆராய முடியாதா? நீங்கள் எதற்கு? (பெங்களூரு)

சரியான அடி. செய்கிறார்கள். மேலே சொன்ன காஃப்மன், 2022இல் மறைந்த அமெரிக்க மொழியியலாளர் டெரன்ஸ் காஃப்மன், 1963இல் செல்தால் என்ற மாயா மொழியின் இலக்கணத்துக்கு முனைவர் பட்டம் வாங்கினார். பழைய மெக்சிகோ கல்வெட்டெழுத்து வாசிப்பில் அவரும் ஜஸ்டெசன் என்ற ஆய்வாளரும் சொன்னவற்றை மறுத்தவர்கள் உண்டு. ஆனால் 1970களில் குவாத்தமாலாவில் மாயா பேசுபவர்களுக்கே மொழியியல் சொல்லிக்கொடுத்தாரே, அந்த வேலைதான் பெரிது என்பேன். 1990இல் நோரா இங்லண்ட் என்ற அமெரிக்க மொழியியலாளர் உதவியோடு குவாத்தமாலாவில் உருவான ஓக்மா என்ற ஆய்வுக் குழுவில் மாயா மொழியியலாளர்களே இலக்கணம் எழுதினார்கள்.

மெக்சிகோவின் 2008 பழங்குடி மொழி அரசுப் பட்டியலில் 68 மொழிக் குழுக்கள், 364 வகைகள். வேலைக்குக் குறைவில்லை. ஆனால் இன்று ஊருக்குள் போனால் "பதிவுகளை எங்களுக்குத் திருப்பித் தருவாயா?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

எங்கிருந்து தொடங்கலாம்? (மறுபடியும் அதே திருச்சி மாணவி)

உன் பாட்டி ஐந்து நிமிடம் பேசுவதைப் பதிவு செய். 'ம்', 'வந்து', இருமல், இழுவை எதையும் விடாமல் எழுது. மூன்றாவது நிமிடத்தில் எரிச்சல் வரவில்லை என்றால் எனக்கு எழுது, மேலே பேசலாம்.