பொருளை விட உணர்வுதான் அடிப்படை என்பது எப்படி?

கேள்வி: மூளையிலிருந்துதானே உணர்வு, அதாவது எதையும் அனுபவித்து அறியும் தன்மை, வருகிறது? அப்படியிருக்க, உணர்வே முதல், பொருள் அதற்கு அப்புறம் என்று சிலர் சொல்வது ஏன்?

மூளையில் அடி பட்டால், மயக்க மருந்து கொடுத்தால் உணர்வு மாறுகிறது. சரி. ஆனால் மிளகாயைக் கடித்ததும் எந்த நரம்பு துடிக்கிறது என்று அளக்க முடிகிறதே தவிர, அந்தத் துடிப்பு ஏன் 'சுள்' என்று உறைக்க வேண்டும் என்பதற்கு எந்த அளவீடும் பதில் சொல்வதில்லை. மெய்யியலாளர் டேவிட் சால்மர்ஸ் 1990களில் 'கடினமான சிக்கல்' என்றது இதைத்தான். 25 ஆண்டுகளுக்குள் மூளையில் உணர்வின் தடயம் தெளிவாகக் கிடைத்துவிடும் என்று நரம்பியலாளர் கிறிஸ்டாஃப் கோக் 1998இல் அவரிடம் ஒயின் பந்தயம் கட்டினார். 2023இல் தோல்வியை ஒப்புக்கொண்டு புட்டிகளைக் கொடுத்தார்.

அதற்காகப் பொருள்வாதம், அதாவது பொருளே முதல் என்ற கொள்கை, பொய்யாகிவிடாது. அத்வைதிகள் கனவைக் காட்டுவார்கள்: அங்கே மலை உண்டு, ஆள் உண்டு, வலியும் உண்டு, எல்லாம் உணர்வுக்குள்ளேயே. அழகான வாதம்தான். ஆனால் என் கனவு எனக்கு மட்டும். இந்த மேசையிலோ நீங்களும் இடித்துக்கொள்கிறீர்களே? உணர்வே முதல் என்ற மெய்யியலாளர் பார்க்லி, 1710இல் இதற்குக் கடவுளின் மனத்தைத் துணைக்கு அழைத்தார்: எல்லாம் அந்த மனத்தில் இருப்பதால்தான் எல்லோருக்கும் பொதுவாம். எனக்கு இடறுவது அங்கேதான்.